ஆச்சிக்குத் துணையாக வந்தவருக்கு வார விடுப்பு கேட்பது நம் வேலையா?

காரைக்குடி முதியோர் நலப் பணியாளர்

முதியோர் நலப் பணியில் இருப்பவர்களின் கருத்தை அறிவதற்காக ஒரு நேர்வை இங்கே வைக்கிறேன். யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லை வாசலுமாக நீளும் பெரிய வீட்டில், எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். மகன்களில் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆச்சிக்கு நினைவு தடுமாறுகிறது. ஏஜென்சி மூலம் வந்த, நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் இரவும் பகலும் உடன் தங்கிப் பார்த்துக்கொள்கிறார். ஆச்சியின் உடல் மெலிந்துகொண்டே வருவதைக் கேமராவில் பார்த்துக் கவலையுற்ற மூத்த மகன் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன்.

உடனிருக்கும் அந்தப் பெண் என்னிடம் இரண்டு குறைகளைச் சொன்னார். வேலைக்கு வந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாள்கூட விடுப்பு கிடைக்கவில்லை. ஆச்சி இரவில் பலமுறை எழுந்து நடப்பதால் தொடர்ந்து தூங்கவும் முடிவதில்லை. அடுத்தது, இருவரும் படுக்கும் அறையிலேயே ஒரு கேமரா இருப்பதால், சேலை மாற்றுவதற்குக்கூட அவர் வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இவற்றை மகன்களிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார்.

நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் நினைக்கிறேன். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது ஆச்சிக்காக. பிள்ளைகளின் இசைவு இருக்கும்வரைதான் நமக்கு அந்த வாசல் திறக்கும். சம்பளம், விடுப்பு என்று பேசத் தொடங்கினால் "இவர் வேலைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வந்தவர்" என்ற எண்ணம் வந்துவிடும். அடுத்த முறை கதவு திறக்காது. அந்தப் பெண்ணும் மனம் வெறுத்துப் போய்விட்டால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை ஆச்சியை யார் குளிப்பாட்டுவது? தொழிலாளர் பிரச்சினைகளைக் கவனிக்கும் வேறு ஒருவரிடம் அவரை அனுப்புவதுதான் முறை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை அமைப்புசாராத் தொழிலாளர் பணி

மாற்றுக் கருத்து இருக்கிறது. "வேறு ஒருவரிடம் அனுப்புவது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வேறு ஒருவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்படி அந்த வீட்டுக்குள் போவேன்? வாசலில் மணியடித்தால் கேமராவில் சிங்கப்பூரிலிருந்து பார்த்துவிட்டு, "யார், என்ன வேண்டும்" என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணாலும் வெளியே வந்து என்னைப் பார்க்க முடியாது. விடுப்பே இல்லை என்பதுதானே அவருடைய குறை. அந்த வீட்டுக்குள் போய்வரும் வெளியாள் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், நீங்கள் செய்ய நினைப்பது பரிந்துரை ஆகாது, கைகழுவுதல்தான்.

சட்டத்தின் கண்ணில் அந்த வீடு ஒரு பணியிடமும்கூட. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதற்கான வரையறையில் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்திருக்கிறது. வீட்டுப் பணியாளர் புகார் கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு 7 நாட்களுக்குள் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும். நீங்கள் சொல்லும் வீட்டில் அப்படி ஏதும் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டின் நிலைப்படிக்கு உள்ளே சட்டம் வராது என்ற எண்ணம் தவறு என்பதற்காகச் சொல்கிறேன்.

வார விடுப்பைப் பொறுத்தவரை, வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை, 2011இல், வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று வரையறுத்தது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தும் அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் மகப்பேற்றுக்கும் உதவித்தொகை கிடைக்குமே தவிர, வாரியம் வந்து ஞாயிற்றுக்கிழமை விடுப்பை வாங்கித் தராது. அதை யாராவது வாய்திறந்து கேட்டாக வேண்டும்.

பள்ளத்தூர், இப்போது சென்னை

நானும் சமூகப் பணி படித்துச் சென்னையில் மனநலத் துறையில் வேலை செய்கிறவன்தான். அதே நேரத்தில், ஊரில் எங்கள் ஆத்தா தனியாக இருக்கிறார். அவருக்கும் ஓர் அம்மா துணை இருக்கிறார். எங்கள் வீட்டிலும் கேமரா இருக்கிறது. ஆகையால் மகன்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

தேவகோட்டை நண்பர் எழுதுவதைப் படித்தால், பெரிய வீடு என்றாலே உள்ளே பெரும் பணம் இருக்கிறது என்று நினைப்பது போலத் தெரிகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த காலத்தில் எழுந்த வீடுகள் இவை. அந்தத் தொழில் எங்கள் பாட்டனார் காலத்திலேயே முடிந்துவிட்டது. இன்று ஒரு வீட்டில் எத்தனையோ பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறது; ஓடு மாற்றுவதற்கே எல்லோரும் கூடி முடிவெடுக்க வேண்டும்; விற்பதற்கு ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிப்பதில்லை. பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து எங்கள் மாத வருமானத்தைக் கணக்கிட வேண்டாம். இப்போது ஒருவருக்குக் கொடுப்பதே ஏஜென்சிக் கமிஷனுடன் சேர்த்துச் சுமையாக இருக்கிறது. இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், வார விடுப்புக்கு ஒருவர் என்றால் என் சம்பளத்தில் முடியாது.

கேமரா ஆசைக்காக வைத்தது இல்லை. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளில் நடக்கும் கொள்ளைச் செய்திகளைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான்? போன் செய்தால் ஆத்தாவுக்கு நான் யார் என்பதே சில நாட்களில் தெரிவதில்லை. சாப்பிட்டாரா, விழுந்தாரா என்று அறிய எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சமூகப் பணியாளரை ஒரு வேலைக்கென்று அழைத்திருக்கிறோம். அவர் வந்த இடத்தில் வேறொருவருக்குப் பிரதிநிதி ஆகிவிட்டால், அழைத்தவர்களின் நம்பிக்கை என்ன ஆவது? காரைக்குடி நண்பரின் நிலைப்பாடே சரி.

அரசு மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

ஆச்சி மெலிகிறார் என்பதுதானே தொடக்கக் கேள்வி. அதற்கு இதுவரை யாரும் விடை தேடவில்லை.

நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு மாலை மயங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். "என் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். இரவெல்லாம் நடந்துவிட்டுப் பகலில் சோர்ந்து கிடப்பார்கள். வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒருவேளை உணவு ஊட்டுவதற்கு முக்கால் மணி நேரமும் ஆகலாம்; அவசரப்படுத்தினால் புரையேறும். இரவில் தூங்காத ஒருவர் இதைப் பொறுமையாகச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? நான்கு வாய் ஊட்டிவிட்டு, "போதுமாம்" என்று தட்டை எடுத்துவிடுவார். அது அவருடைய குணக்கேடு என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனைக்கு வரும் முதியவர்களில் படுக்கைப் புண்ணோடும் நீர்ச்சத்துக் குறைவோடும் வருகிறவர்களைப் பற்றி விசாரித்தால், பெரும்பாலும் பின்னால் தூக்கம் கெட்ட ஒரு மகளோ மருமகளோ கூலிக்கு வந்த பெண்ணோ இருப்பார்.

எனவே, காரைக்குடிப் பணியாளர் ஆச்சிக்காக மட்டுமே போனார் என்றே வைத்துக்கொண்டாலும், ஆச்சியின் எடை குறைவதற்கான காரணங்களை எழுதும்போது உடனிருப்பவரின் தூக்கமின்மையை எழுதாமல் எப்படி அறிக்கையை முடிப்பார்? எடை குறைவதற்குச் சர்க்கரை நோய், தைராய்டு, பல் வலி, மனச்சோர்வு எனப் பிற காரணங்களும் உண்டு. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவற்றோடு இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த அறையில் கேமரா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே அறையில்தானே ஆச்சிக்கும் டயப்பர் மாற்றுவார்கள், உடம்பு துடைத்துவிடுவார்கள்? அதையும் மகன்களின் கைபேசிகள் பார்க்கின்றன. தம் வயதில் பிள்ளைகள் முன் முந்தானை விலகாமல் வாழ்ந்த ஒரு பெண்மணியிடம், "இதற்குச் சம்மதமா ஆச்சி" என்று தெளிவாக இருந்த ஒரு நாளிலாவது யாராவது கேட்டார்களா?

பள்ளத்தூர், இப்போது சென்னை

கடைசிக் கேள்வி என்னையும் யோசிக்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கேமரா வளவில், அதாவது நடுமுற்றத்தில் இருக்கிறது, அறையில் இல்லை. ஆனாலும் வளவில் வைத்தால் போதும் என்று எல்லா வீட்டுக்கும் சொல்ல முடியாது. இரவில் கட்டிலிலிருந்து விழுகிறவர்களுக்கு அறையில்தான் தேவை.

அரசு மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

விழுவதுதான் அச்சம் என்றால் கட்டிலைத் தாழ்த்தலாம், கழிப்பறை வழியில் இரவு விளக்குப் போடலாம். பழைய வீடுகளில் ஒவ்வொரு நிலைப்படியும் உயரம். கழிப்பறை பின்கட்டில் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். அறைக்கு அருகே ஒரு கழிப்பறை கட்டுவதற்கு ஆகும் செலவைப் பங்காளிகள் ஒத்துக்கொள்வதில்லை, கேமராவுக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை என்பதால் கேமரா வருகிறது. அது விழுவதைக் காட்டுமே தவிர, தாங்கிப் பிடிக்காது.

மாவட்டத் திட்டத்தில் தொகுப்பூதியப் பணியாளர்

சட்டம் பற்றி ஒரு சிறு சேர்க்கை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி வீட்டுக் கேமராவைக் கேள்வி கேட்க முடியாது. அதே வேளை, ஒரு பெண் உடை மாற்றுவது போன்ற அந்தரங்கச் செயலை அவர் யாரும் பார்ப்பதாக எண்ணாத நிலையில் பார்ப்பதும் பதிவு செய்வதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். அறையில் கேமரா வைப்பவர் அந்த நோக்கத்தில் வைக்கவில்லை என்றாலும், பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, கடவுச்சொல் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று எந்த வீட்டிலும் தெளிவாகச் சொல்வதில்லை. கேமரா பொருத்திய கடைக்காரருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரிந்திருக்கும்.

இனி என் மனக்குறை. இந்த விவாதத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணின் விடுப்பைப் பற்றிப் பேசுகிறோம். நம் விடுப்பைப் பற்றி? நான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தாலும் போயாக வேண்டும். பயணப்படி எப்போது வரும் என்று தெரியாது. தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்களின் நிலை இதைவிட மோசம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதன் பிறகு அலுவலகச் சம்பளங்கள் எப்படிச் சுருங்கின என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து அது சிலவற்றை விலக்குகிறது. அறப்பணியிலும் சமூக சேவையிலும் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டிருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் அவற்றில் ஒன்று. வீட்டுப் பணி இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் வருகின்றன. 1978இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் தொழில் என்ற சொல்லுக்கு மிக விரிவான பொருள் கொடுத்து, தொண்டு நிறுவனங்களில் பலவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. இப்போது அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணையும் நம்மையும் சட்டம் ஒரே பட்டியலில் வைத்து வெளியே நிறுத்தியிருக்கும்போது, அவர் வேறு துறையின் பிரச்சினை என்று காரைக்குடி நண்பர் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

காரைக்குடி முதியோர் நலப் பணியாளர்

நம் ஊதியம் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இங்கே கலந்தால் இரண்டுமே கெடும். மருத்துவமனைப் பணியாளர் சொன்னதை ஏற்கிறேன்: தூக்கமின்மை ஆச்சியின் நலனோடு சேர்ந்தது, அதை அறிக்கையில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் தேவகோட்டை நண்பரிடம் கேட்கிறேன்: எழுதிய பிறகு மகன்கள், "சரி, இந்த அம்மா களைத்துவிட்டார், ஏஜென்சியிடம் சொல்லி வேறு ஆளை மாற்றுகிறோம்" என்று சொன்னால்? அதற்கு வாய்ப்பு மிகுதி. ஏஜென்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்தப் பெண் வேலையை இழப்பார், ஆச்சி பழகிய முகத்தை இழப்பார், புதிதாக வருபவருக்கும் விடுப்பு இருக்காது. நினைவு தடுமாறுகிறவர்களுக்கு ஆள் மாறுவது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது இங்குள்ளோருக்குத் தெரியும்.

தேவகோட்டை அமைப்புசாராத் தொழிலாளர் பணி

சரியான கேள்வி. அதனால்தான், "களைத்துவிட்டார்" என்று மட்டும் எழுதக் கூடாது என்கிறேன். "யார் வந்தாலும் இந்த வேலையில் ஒருவர் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது" என்று வேலையைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். ஆளை மாற்றினால் ஆச்சிக்கு என்ன தீங்கு என்பதையும் அதிலேயே சேருங்கள். பிள்ளைகள் உங்கள் சொல்லுக்கு மதிப்பளிப்பவர்கள். என் சொல்லுக்கு அளிக்க மாட்டார்கள்.

ஏஜென்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தாரைக் கேட்டால், "நாங்கள் ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறோம், அவர்களிடம் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்சியைக் கேட்டால், "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி" என்பார்கள். நான் பார்த்த பெண்களில் பலருக்குத் தம் சம்பளத்தில் கமிஷன் எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. ஆள் கேட்கும்போது சில வீட்டார் சாதியைக் கேட்கிறார்கள், ஏஜென்சிகளும் கூசாமல் சொல்கின்றன. ஆச்சியின் மலத்தை அள்ளலாம், அடுப்படிக்குள் வரக் கூடாது, காப்பிக்குத் தனி டம்ளர் என்று இருக்கும் வீடுகளும் உண்டு. பட்டியல் சாதிப் பெண்ணிடம் இப்படி நடப்பது தீண்டாமை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அது குற்றம். பழக்கம், ஆச்சாரம் என்று சொல்லி நம் பணியாளர்களே இதைக் கடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். இந்த இழையிலும் இதுவரை ஒருவரும் அதைத் தொடவில்லை.

பள்ளத்தூர், இப்போது சென்னை

தனி டம்ளரை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது எங்கள் வீடுகளில் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

செலவுக்கு மட்டும் யாரும் விடை சொல்லவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பெற்றுத் தரும் பராமரிப்புத் தொகைக்கே மாதம் 10,000 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இரவும் பகலும் ஆள் வைப்பதற்கு அது எந்த மூலைக்கு? சட்டமே அவ்வளவுதான் எதிர்பார்க்கும்போது, அதற்கு மேல் செலவு செய்துகொண்டிருக்கும் எங்களை ஏன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள்?

தேவகோட்டை அமைப்புசாராத் தொழிலாளர் பணி

யாரையும் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதற்காக, பற்றாக்குறையை அந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வது முறையா? பிள்ளைகள் மூவரோ நால்வரோ இருந்தால், வார விடுப்பு நாளின் செலவை மட்டும் தனியே பங்கிட்டுக்கொள்ளலாம். முன்னோருக்கு இடும் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் குடும்பவாரியாகப் புள்ளி வரி பிரித்துக் கணக்கு வைப்பதில் உங்கள் நகரத்தார் சமூகத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அதே ஒழுங்கைத் தாயின் பராமரிப்பிலும் வைக்கலாம். அதே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் முதியவர்கள் இருந்தால், விடுப்பு நாள்களுக்கு மட்டும் சுழற்சியாக வர, அந்த ஊர் மகளிர் குழுவிலிருந்து ஒருவரைப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ளலாம். செலவு ஒரு வீட்டின் மீது விழாது.

அரசு மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

சுழற்சிக்கு வருபவர் ஒருவரே என்று நிலையாக இருக்க வேண்டும். வாரம் ஒரு புதுமுகம் கூடாது. முதல் சில வாரங்கள் பழைய ஆளோடு சேர்ந்திருந்து பழக வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஆச்சி புதியவரை அறைக்குள் விட மாட்டார்.

காரைக்குடி முதியோர் நலப் பணியாளர்

அடுத்த முறை போகும்போது செய்ய நினைப்பதை எழுதுகிறேன். கேமராவைப் பற்றி முதலில் ஆச்சியிடம் கேட்பேன். காலை நேரங்களில் அவர் ஓரளவு தெளிவாக இருக்கிறார். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே மகன்களுக்குத் தெரிவித்து, கேமராவை அறையிலிருந்து வளவுக்கு மாற்றும்படி சொல்வேன். இரவுத் தூக்கத்தையும் வார ஓய்வையும் ஆச்சியின் பராமரிப்புத் திட்டத்தின் பகுதியாக அறிக்கையில் சேர்ப்பேன், ஆளை மாற்றுவதால் வரும் தீங்கையும் சேர்ப்பேன். சம்பளம், கமிஷன் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு உங்கள் தொலைபேசி எண்ணை அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறேன். ஓய்வு நாள் என்று ஒன்று கிடைத்தால் அவரே வந்து உங்களைப் பார்க்கலாம்.

தேவகோட்டை அமைப்புசாராத் தொழிலாளர் பணி

சம்பளத்தைப் பிரித்து வைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஓய்வு நாளுக்குச் சம்பளம் பிடித்துவிட்டால் அவரே அந்த ஓய்வை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். "சம்பளத்துடன்" என்ற ஒரு சொல்லையாவது அறிக்கையில் சேருங்கள். அறிக்கையின் நகல் ஒன்றை அவருக்கும் தருவீர்களா?

காரைக்குடி முதியோர் நலப் பணியாளர்

நகல் தர முடியாது; அதில் ஆச்சியின் மருத்துவ விவரங்கள் இருக்கின்றன. ஓய்வு, தூக்கம், கேமரா பற்றிய பகுதியை மட்டும் தனித்தாளில் எழுதி, மகன்களுக்கு அனுப்பும் அன்றே அவரிடமும் படித்துக்காட்டிக் கொடுக்கிறேன். அந்தச் சொல்லைச் சேர்க்கிறேன். மகன்கள் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் இங்கேயே வந்து சொல்கிறேன்.

பள்ளத்தூர், இப்போது சென்னை

அடித்து அனுப்புவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படி அனுப்பினால், மூத்த மகனிடம் பேச நான் தயாராக இருக்கிறேன். அவர்களில் ஒருவனாக நான் சொல்வதைக் கேட்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு முன் அந்தத் தனித்தாளை எனக்கும் ஒரு முறை காட்டுங்கள், எங்கள் வீட்டுக்கும் அது வேண்டும்.